படத்தில் ஒரு தப்பு இருக்கிறது

மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் வாயிலிருந்தே தனித்தனியாகப் போவதுபோல் கட்டுரைப் படத்தில் காட்டியிருக்கிறீர்கள், அது சரியில்லை. காற்றும் சோறும் தொண்டையில் ஒரே பாதையில்தான் வருகின்றன, குரல்வளைக்கிட்டே வந்துதான் பிரிகின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்ப, அதன் மூடி சாய்ந்து காற்று போகும் வாசலை மறைக்கும் (தொண்டையில் விரல் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், ஏறி இறங்குவது தெரியும்). சாப்பிடும்போது சிரித்தால் புரை ஏறுவது இதில் தாளம் தப்புவதால்தான்.

அப்புறம், மூச்சுக்குழாய் கீழே இரண்டாகப் பிரிகிற மூச்சுக்கிளைகளில் வலது சுமார் 2.5 செ.மீ. நீளம், இடது 5 செ.மீ. என்பதையும் போட்டிருக்கலாம். வலது அகலம், கொஞ்சம் செங்குத்தும்கூட, அதனால் உள்ளே தவறிப் போகிற பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் விழும். என் அக்கா மகனுக்கு இரண்டு வயதில் இருமல் என்று இரண்டு நாள் சிரப் கொடுத்தோம், கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தால் வலப்பக்கம் பாதி வேர்க்கடலை உட்கார்ந்திருக்கிறது!