111 கேள்விகளைத் தின்ற பெரியப்பா

நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று இனி யாராவது எனக்குச் சொல்லித் தரட்டும், கையில் இருக்கும் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தாலேயே மண்டையில் போடுகிறேன்.

இன்று ஞாயிறு. அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரித் தேர்வு, நானே வைத்து நானே எழுதுவது. 9.30 முதல் 12.30 வரை, அசல் தேர்வு போலவே. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போயிருக்கலாம்தான். வில்லிவாக்கத்திலிருந்து பஸ் மாறிப் போய் இடம் தேடுவதற்குள் பாதி நாள் போய்விடுமே என்று புத்திசாலித்தனமாக வீட்டில் உட்கார்ந்தேன். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டாயிற்று. குக்கர் வைக்காதே என்று அம்மாவிடம் கெஞ்சியாயிற்று. தண்ணி லாரி நேற்றே வந்துவிட்டது. இனி என்ன வரப்போகிறது?

10.10க்கு வந்தது. கையில் கல்யாணப் பத்திரிகையோடு.

ரூமில் அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். என் மேஜை ஹாலில், பிரிட்ஜ் பக்கத்தில். ஓட வழியில்லை.

"என்னம்மா, படிக்கிறியா?"

"டெஸ்ட் எழுதறேன் பெரியப்பா."

"எழுது எழுது, நான் தொந்தரவு பண்ணல" என்று சொல்லி, நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். எதிரே!

நான் அப்போது காலமும் வேலையும் கணக்கில் இருந்தேன். ஒரு வேலையை அ 12 நாளில் முடிப்பார், ஆ 6 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? நாலு நாள். பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தால்? அந்த வேலை முடியவே முடியாது.

ஆரம்பித்தார். காலை நாலு மணிக்கு எழுந்திருக்கணும். (எழுந்திருக்கிறேன்.) டைம்டேபிள் போடணும். (சுவரில் தொங்குகிறது, அதன்மேல்தான் தலையைச் சாய்த்திருக்கிறார்.) மனசுல வெறி வரணும். வெறியா? அது அந்த நிமிடமே வந்துவிட்டது. சொல்பவர் யார்? எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்து, வீட்டுக்கு வந்த கார்டை எடுத்துக்கொண்டு போய் வேலையில் சேர்ந்தவர். வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் ஷீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. என்னிடமிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பி, "இதுல எங்க எழுதுவீங்க?" என்று கேட்டார். டீ டம்ளரை அதன்மேலேயே வைத்தார். 87ஆம் கேள்வியைச் சுற்றி இப்போது ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. எந்த மெஷின் அதைத் திருத்துமோ!

நடுவில் குறள் வேறு. "ஞாலம் கருதினும் கைகூடும்... ஊக்கமுடைமையில வள்ளுவர் சொல்றாரு" என்றார். இல்லை பெரியப்பா, அது காலமறிதல், அதிகாரம் 49. ஊக்கமுடைமை 60. தப்பாக எழுதினால் எனக்குத்தான் ஒன்றரை மார்க் போகும். இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "ஆமாம் பெரியப்பா" என்றேன். அம்மா சமையலறை வாசலில் நின்று தலையாட்டுகிறாள், ஏதோ கதாகாலட்சேபம் கேட்பது போல.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. வராமல் இருக்குமா? "இன்னும் எத்தனை வருஷம்மா படிப்ப?" விடைத்தாளில் இதற்கென்றே ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது: விடை தெரியவில்லை. அதைக் கறுப்புப் பேனாவால் அழுத்தி நிரப்பி அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

11.50க்குக் கிளம்பினார். போகும்போது, "நேரத்த வீணாக்காதம்மா" என்று தலையில் தட்டிவிட்டுப் போனார்.

கணக்குப் போட்டேன், அதையாவது போடுவோமே என்று. 200 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 54 நொடி. பெரியப்பா உட்கார்ந்தது 100 நிமிடம், அதாவது 111 கேள்வி. ஒரே மனிதர், ஒரே டீ, 166.5 மார்க்! நான் எழுதியதெல்லாம் தமிழில் பாதியும் இந்த நாலு நாள் கணக்கும்தான்.

போனை அரிசியிலிருந்து எடுத்தால் அவர் காலையில் அனுப்பிய சூரிய உதயப் படம். கீழே, 'நேரம் பொன் போன்றது'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு அப்பாவே எழுந்து வந்து பார்த்தார்.

அதெல்லாம் கூடப் போகட்டும். அந்த மிக்சர் டப்பா. ராத்திரி படிக்கும்போது தின்ன நான் வாங்கி வைத்தது, அம்மா எடுத்து நீட்டிவிட்டாள். முந்திரி, கடலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றுவிட்டு வெறும் ஓமப்பொடியை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கடலைகூட இல்லை. ஒன்றுகூட!