இங்க் ப்ளூவா, க்ரீமா?

பெட்ரூமுக்கு என்ன கலர்னு எங்க வீட்ல மூணு வாரமா பஞ்சாயத்து. எனக்கு இங்க் ப்ளூ, நல்லா அடர்த்தியா. வீட்டுக்காரருக்கு க்ரீம். ரூம் குகை மாதிரி ஆயிடும்ங்கறது அவர் கட்சி, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்ங்கறது என் கட்சி.

ஷேட் கார்டுல இருக்கற தம்மாத்துண்டு கட்டத்தை வச்சு சண்டை போட்டதுதான் முட்டாள்தனம். நாலு சுவத்துலயும் அடிச்சா ஒரு சுவரோட கலர் இன்னொரு சுவர் மேல பட்டு எதிரொலிக்கும், கார்டுல சாதுவா இருந்த க்ரீம் ரூம்ல மஞ்ச மஞ்சேன்னு நிக்கும். கடைசில ரெண்டு பெரிய அட்டைல ரெண்டு கோட் அடிச்சு, நல்லா காயவிட்டு, சுவர் சுவரா நகத்தி நகத்திப் பாத்தோம். காலைல ஜன்னல் பக்கம் க்ரீம் அள்ளுது, ஒத்துக்கறேன். சாயந்தரம் லைட் போட்டதும் கதையே வேற, 6500 கெல்வின் வெள்ளை பல்புல க்ரீம் சோகை புடிச்ச மாதிரி வெளிறிப்போகுது, 2700 வார்ம் பல்புல அதே க்ரீம் வெண்ணெய் மாதிரி இருக்கு, ஆனா என் ப்ளூ அதுல கொஞ்சம் சாம்பல் தட்டுது, ச்சே.

எல்ஆர்வின்னு ஒரு நம்பர் இருக்கு, சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுன்னு 0லேர்ந்து 100 வரைக்கும். க்ரீம்லாம் பொதுவா 70க்கு மேல, இங்க் ப்ளூ 10க்குள்ள. அதாவது ப்ளூ அடிச்சா லைட் கூட வைக்கணும். அதோட தூசி தெரியும், நகக்கீறல் தெரியும், மேட் ஃபினிஷ்னா கை பட்டுப் பட்டு அங்கங்க பளபளன்னு ஆகும், நாளைக்கு மனசு மாறி க்ரீமுக்குத் திரும்பணும்னா ப்ரைமர் அடிச்சுட்டு அதுக்கு மேல கோட் கோட்டா ஏத்தணும். எல்லாம் தெரிஞ்சேதான் கேக்கறேன். நாம அந்த ரூம்ல இருக்கறதே ராத்திரி, அதுலயும் பாதி நேரம் கண்ண மூடிட்டு, அதுக்கு எதுக்குங்க அவ்ளோ வெளிச்சம்? பகல் பூரா உக்காந்து வேலை பாக்கற ரூம்னா நானே க்ரீம்னு சொல்லிருப்பேன்.

ஒரு சுவர் மட்டும் ப்ளூ, மீதி க்ரீம்னு சமாதானம் பேசினாங்க. வேணாம். வெளிர் கலர் பக்கத்துல டார்க் இன்னும் டார்க்கா தெரியும், சுவத்துல ஓட்டை விழுந்த மாதிரி. அடிச்சா நாலும், இல்லன்னா ஒண்ணும் வேணாம்.

அட்டை ரெண்டும் இன்னும் சுவத்துல சாஞ்சுதான் கிடக்கு. இன்னிக்குக் காலைல பாத்தா ப்ளூ அட்டை அவர் படுக்கற பக்கம் இருக்கு. நான் நகத்தலை, கேக்கவும் இல்ல.