ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஆயில்: பயப்பட வேண்டாம், அளந்து மாற்றுங்கள்

"ஓடுற பெட்டியத் தொடாதீங்க, ஆயில் மாத்துனா ஸ்லிப் ஆகும்." பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிற எல்லோர் காதிலும் இது விழுந்திருக்கும். இந்தப் பேச்சை நம்பித்தான் பல நல்ல பெட்டிகள் பாழாகின்றன. ஸ்லிப் ஆன, அதாவது கியர் பிடிக்காமல் வழுக்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் ஞாபகமே வருகிறது. அதற்குள் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. பழி மட்டும் புது ஆயில் மேல் விழுகிறது.

வட சென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) உண்டாகும் சூடு முழுக்க ஆயிலில்தான் இறங்குகிறது. இந்த ஓட்டத்துக்கு 40,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுவதே நல்லது.

முதலில் டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) எடுத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பு என்றால் கவலை இல்லை, பழுப்பு என்றால் மாற்ற வேண்டும். கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்து, கியரும் தாமதமாக விழுந்தால் அது வீட்டு வேலை இல்லை. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பெட்டியின் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் விரிசல் விட்டும் கூலன்ட் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கேன் வாங்கும்போது "எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்று கடையில் சொல்வதைக் கேட்காதீர்கள். ஹோண்டாவின் பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக வந்தது டிடபிள்யூ-1. டொயோட்டாவில் டி-IV கேட்கும் பெட்டிக்கு டபிள்யூஎஸ் ஊற்றக் கூடாது. சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு ஆயிலே வேறு. ஏஎம்டி என்பது கியரைத் தானாக மாற்றிக்கொள்ளும் மேனுவல் பெட்டி, அதற்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை. டிப் ஸ்டிக் இல்லாத பெட்டியில் ஆயிலின் வெப்பநிலையைக் கருவியில் பார்த்துத்தான் மட்டம் வைக்க முடியும். அதை ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுங்கள்.

நம் தெருக்கள் பெரும்பாலும் கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கும். சமமான தரை தேடுங்கள், நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பத்து நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். ஆனால் ஊற்றுகிற வழி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு உப்புக் காற்றில் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். ஆயிலை இறக்கிவிட்டு, ஊற்றுகிற வழியின் மேல் போல்ட் வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். கையில் குத்தும் இரும்புச் சீவல் இருந்தால் ஆயிலால் தீராது. வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஹோண்டாக்களில் போல்ட்டின் இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். ஆத்திரத்தோடு இறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும்.

இறங்கிய ஆயிலை அளவுக்கோடு போட்ட ஜாடியில் ஊற்றி எழுதி வையுங்கள். இந்த வேலையின் உயிரே அந்த எண்தான். 2.5 லிட்டர் வந்ததா, 2.5 லிட்டரே ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, கியர் வழுக்கும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி எடுங்கள். பிறகு சூடானதும் மட்டம் பாருங்கள். பல வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் இன்ஜினை நிறுத்தி 60 முதல் 90 விநாடிக்குள். இதை மாற்றிச் செய்துவிட்டு "குறையுது" என்று மேலே ஊற்றுகிறவர்கள் நிறைய.

ஒரே தடவையில் முழு ஆயிலும் இறங்காது, பாதிக்கு மேல் கன்வெர்ட்டரிலும் மற்ற பாகங்களிலும் தங்கிவிடும். ஒரு முறைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், மூன்று முறையில் 78 சதவீதம் புதிதாகிவிடும். நடுவில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். வருஷக்கணக்கில் கவனிக்காத பெட்டிக்கு மெஷின் ஃப்ளஷ் (மெஷினால் தள்ளி ஒரே தடவையில் ஆயிலை மாற்றுவது) வேண்டாம் என்பேன், இப்படிப் படிப்படியாக மாற்றுவதே போதும்.

பழைய ஆயிலைத் தயவுசெய்து மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரமும்தான் அதைத் தாங்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்ததை எல்லோரும் பார்த்தோம். காலி கேனில் மூடி, கழிவு ஆயில் டிரம் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.