கோணேசர் மலைக்குப் பின்னால் பெரிய நிலா: எல்லாம் ஒட்டு வேலையா?

போயா (பௌர்ணமி) வந்தால் வட்ஸ்அப்பில் சுற்றும் திருகோணமலைப் படம்: கோயிலின் பின்னால் அதைவிடப் பெரிய நிலா. கூடவே, "நிலா இவ்வளவு பெரிதாகத் தெரியாது, கணினியில் ஒட்டியது" என்ற குறிப்பு. அந்தக் காரணம் தவறு.

நிலாவின் கோண அளவு, அதாவது நம் பார்வையில் அது பிடிக்கும் கோணம், ஏறத்தாழ அரைப் பாகை. கோயிலுக்கு 50 மீற்றரில் நின்றால் நிலா கோயிலில் அரை மீற்றர் அகலத்துக்குக்கூட ஈடாகாது. 3 கிலோமீற்றர் தள்ளி நின்றால், அதே நிலா 27 மீற்றர் அகலத்துக்கு ஈடாகும். நிலா வளரவில்லை, கோயில்தான் சிறுத்தது. 600 மில்லிமீற்றர் லென்ஸில், கமெராவில் படம் பதியும் 24 மில்லிமீற்றர் உயரச் சென்சரில் நிலா 5.5 மில்லிமீற்றர் வரும். 50 மில்லிமீற்றர் லென்ஸில் அரை மில்லிமீற்றர்கூடத் தேறாது.

ஒட்டியவையும் உண்டு, மறுக்கவில்லை. அகன்ற கடற்கரை, பக்கத்துத் தென்னை எல்லாம் முழுசாகத் தெரிந்தும் நிலா மட்டும் பெரிதென்றால் சந்தேகப்படுங்கள். அடிவானத்து நிலா செம்மையாய், மேலும் கீழும் சற்று நசுங்கியிருக்கும். வெள்ளை வெளேரென்ற வட்டம் அங்கே பொருந்தாது. மேகம் நிலாவின் பின்னால் போனால் பேச்சே வேண்டாம்.

கமெரா படக்கோப்பில் பதியும் லென்ஸ் விபரத்தை வட்ஸ்அப் படத்தில் தேடாதீர்கள், அனுப்பும்போதே அழிந்துவிடும். எடுத்தவரிடம் மூலக்கோப்பைக் கேளுங்கள்.