எந்த வீட்டில் முதுமை?

என் அம்மா தன் கடைசி ஆண்டுகளை இரண்டாம் மாடியிலிருந்த ஒரு வாடகை வீட்டில் கழித்தார். லிஃப்ட் கிடையாது. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதிக்க அனுமதி கேட்டோம். டைல்ஸ் விரிசல் விடும் என்று வீட்டு உரிமையாளர் மறுத்துவிட்டார். நான்கு மாதம் கழித்து அம்மா அங்கேயே வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் அந்தப் படிகளை மறுபடி ஏற அவரால் முடியவேயில்லை.

முதியோர் நலன் என்றதும் மருத்துவம், ஓய்வூதியம், பராமரிப்பாளர் என்று பேசுகிறோம். வயதானவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழ வேண்டும் என்றும் சொல்கிறோம். எந்த வீட்டில்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். ஈரத் தரையும் கைப்பிடியில்லாத படிக்கட்டும் அவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள்.

அம்மா வீட்டின் உரிமையாளரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கம்பிக்கான செலவும் சுவரும் அவருடையவை. அது தடுத்திருக்கக்கூடிய மருத்துவச் செலவு அவருடையது அல்ல. பிறகு அவருக்கு என்ன அக்கறை இருக்கும்? அரசோ பொது அமைப்போ மக்களுக்குக் கட்டித்தரும் பொது வீட்டுவசதியின் அருமை எனக்கு இங்கேதான் புரிகிறது. வீட்டைக் கட்டுவதும் மருத்துவமனையை நடத்துவதும் மக்கள் பணம் என்றால், கைப்பிடிக்குச் செலவிடுவது அந்தப் பணத்துக்கே லாபம். வாடகை ஒப்பந்தம் முடிந்தது, காலி செய்யுங்கள் என்று எண்பது வயதில் கேட்க வேண்டிய பயமும் அங்கே குறைவு.

சிங்கப்பூரைப் பாருங்கள். மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். பெரும்பாலோர் 99 ஆண்டுக் குத்தகையில் வீடு வாங்கியவர்கள், வாடகைதாரர்கள் அல்லர். ஆனாலும் கட்டடங்களின் பொறுப்பைக் கழகம் கைவிடவில்லை. பழைய கட்டடங்களில் முன்பு லிஃப்ட் சில தளங்களில் மட்டுமே நிற்கும். அது ஒவ்வொரு தளத்திலும் நிற்கும்படி மாற்றும் திட்டம் 2001-இல் தொடங்கியது. 2012 முதல், முதியவர்களின் வீடுகளில் கைப்பிடி, வழுக்காத தரை, சாய்தளம் ஆகியவற்றை அமைத்துத் தருகிறார்கள். குடிமக்களுக்குச் செலவின் பெரும்பகுதி மானியம். அம்மாவுக்கு நாங்கள் கெஞ்சிக் கேட்டது அங்கே விண்ணப்பம் போட்டால் கிடைக்கிறது.

டென்மார்க்கில் 1987-இல் வந்த சட்டம் பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்தியது. மாறாக, தனிச் சமையலறையும் குளியலறையும் கொண்ட சிறு வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் இருப்பவர் வாடகைதாரர். வாடகைதாரருக்குரிய சட்ட உரிமை அவருக்கு உண்டு. முதியோர் இல்லத்தில் பிறர் அனுமதியில் தங்கியிருப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

எல்லோரும் ஒரே வளாகத்தில் முதுமை அடைவதிலும் ஒரு வசதி இருக்கிறது. நியூயார்க்கின் பென் சவுத், தையல் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் கட்டப்பட்டு 1962-இல் திறக்கப்பட்ட கூட்டுறவுக் குடியிருப்பு. குடிவந்தவர்கள் அங்கேயே வயதானார்கள். 1986-இல் செவிலியர், சமூகப் பணியாளர் சேவைகளை அந்த வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஊர் முழுக்க அலையாமல் ஒரே கட்டடத்தில் பத்துக் கதவுகளைத் தட்டும் செவிலியரால் எவ்வளவு நிதானமாகப் பேச முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே சமயம், பொதுக் குடியிருப்புகளை நிர்வகிப்பவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. துணையை இழந்து தனியாக இருப்பவரிடம், இவ்வளவு பெரிய வீடு எதற்கு, சிறிய வீட்டுக்கு மாறுங்கள் என்கிறார்கள். இடத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை நினைத்தால் அந்தக் கோரிக்கை நியாயமே. ஆனால் அந்தச் சிறிய வீடு அதே வளாகத்தில் இருக்க வேண்டும். காலையில் ஜன்னல் திறக்கவில்லையே என்று கவனிக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து அவரைப் பிரித்து ஊரின் மறுகோடிக்கு அனுப்பினால், அந்த இழப்பை எந்தப் பராமரிப்பாளராலும் ஈடுசெய்ய முடியாது.

உங்கள் பகுதியில் பொதுக் குடியிருப்பு ஏதாவது திட்டமிடப்படுகிறது என்றால், வரைபட நிலையிலேயே சில கேள்விகளைக் கேளுங்கள். லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்குமா? குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா? பின்னால் கைப்பிடி பதித்தால் அந்தச் சுவர் தாங்குமா?