ஒரு புள்ளி என் ராத்திரியைத் தின்னுடுச்சு

ரசீது போடுற அப்ளிகேஷனுக்குப் புது ஃப்ரண்ட்எண்ட், அதாவது பயனர் பார்க்குற பக்கம். பின்னாடி ஓடுறது ஜாங்கோ, பைத்தான்ல வெப் எழுதுற ஃப்ரேம்வொர்க். முன்னாடி ஜாவாஸ்கிரிப்ட்டைக் கட்டித் தர்றது வீட் (Vite)ங்கிற கருவி. ராத்திரி 11.30க்கு சர்வர்ல ஏத்தினேன். முதல் பக்கமே 500, அதாவது சர்வர் எரர். லாக்ல "மேனிஃபெஸ்ட் ஃபைல் இல்லை"ன்னு வருது. (மேனிஃபெஸ்ட்னா வீட் கட்டின ஃபைல் எது எந்தப் பேர்ல இருக்குன்னு சொல்ற பட்டியல்.) இருக்குய்யா! பில்ட் ஃபோல்டர்ல என் கண்ணு முன்னாடி இருக்கு! பாதையும் சரியாத்தான் கொடுத்திருக்கேன். சர்வர் எடுத்துக் கொடுக்குற இடத்துக்கு ஃபைல்களைக் கொண்டுபோற ஜாங்கோவோட கலெக்ட்ஸ்டாட்டிக் கமாண்டும் இத்தனை ஃபைல் காப்பி ஆச்சுன்னு சொல்லிட்டு நிம்மதியா முடிஞ்சுது.

பெர்மிஷனைப் பார்த்தேன், வெப் சர்வரான என்ஜின்எக்ஸைப் பார்த்தேன், அப்ளிகேஷனை மொத்தமாப் பொதிஞ்சு வைக்குற டாக்கர் இமேஜை மூணு தடவை முதல்லேர்ந்து பில்ட் பண்ணினேன். மணி 2.15. காரணம் என்ன தெரியுமா? ஒரு புள்ளி! 2023 நவம்பர்ல வந்த வீட் 5, மேனிஃபெஸ்ட்டைப் புள்ளியில பேர் ஆரம்பிக்குற ஒரு ஃபோல்டருக்குள்ள கொண்டுபோய் வச்சிடுச்சு. ஜாங்கோவோட கலெக்ட்ஸ்டாட்டிக், நாமளா சொன்னாலொழிய, புள்ளியில ஆரம்பிக்குற எதையும் தொடாது. அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க செய்யுறது நியாயம்தான். ஆனா விட்டுட்டுப் போறப்ப "இதை விட்டுட்டேன்"னு ஒரு வரி சொல்லக்கூடாதா? ஒரே ஒரு வரி! வீட் கான்ஃபிக்ல மேனிஃபெஸ்ட்டுக்கு 'ட்ரூ'வை எடுத்துட்டு, புள்ளி ஃபோல்டர் இல்லாம வெறும் ஃபைல் பேரைக் கொடுத்தேன். வேலை செஞ்சுது.

அதோட விட்டுச்சா? வீட் ஏற்கெனவே ஃபைல் பேர்ல ஹாஷ், அதாவது உள்ளடக்கத்துலேர்ந்து கணக்குப் போட்ட அடையாள எழுத்துகளை, ஒட்டித்தான் அனுப்புது. ஜாங்கோவோட மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ் (வீட்டோட மேனிஃபெஸ்ட் இல்லை, ஜாங்கோ ஃபைல்களைச் சேமிக்குற ஒரு முறை) அதுக்கு மேல 12 எழுத்துல இன்னொரு ஹாஷ் ஒட்டுது. ஆனா ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ள மத்த ஃபைலைக் கூப்பிடுற இம்போர்ட் வரிகளை, நாமளா செட்டிங் போட்டாலொழிய, மாத்தாது. அதனால ஜாங்கோவோட பக்க டெம்ப்ளேட் மெயின் ஃபைலைப் புதுப் பேர்ல கூப்பிடுது, உள்ளே இருக்குற துண்டு ஃபைல் அதையே பழைய பேர்ல கூப்பிடுது. பிரவுசருக்கு அது ரெண்டு தனித்தனி ஃபைல். ஒரே கோட் ரெண்டு தடவை ஓடும். 'சேமி'யை ஒரு தடவை அழுத்தினா ரெண்டு ரசீது விழும்.

லேப்டாப்ல இதுல எதுவுமே தலைகாட்டாது. அங்கே 5173 போர்ட்லேர்ந்து வீட் நேரா எடுத்துக் கொடுத்துடுது, மேனிஃபெஸ்ட்டும் வேண்டாம், ரெண்டாவது ஹாஷும் கிடையாது. நாள் முழுக்க டெஸ்ட் பண்ணி நான் என்னத்தைக் கண்டுபிடிக்க? பைத்தான்ல வெப் எழுதுறவங்கள்ல எத்தனையோ பேர் இந்தப் பாதையில நடந்திருப்பாங்க. இன்னும் ஒவ்வொருத்தரும் அதே குழியில தனியா விழுந்து தனியாத்தான் ஏறணுமா?

காலையில முதல் ஆளா வந்த கிளார்க் அக்கா ஒரே ரசீது ரெண்டா நிக்கிறதைப் பார்த்திருக்காங்க. தான்தான் ரெண்டு தடவை தட்டிட்டோம்னு பயந்து எனக்கு போன் பண்ணி, "மன்னிச்சுடுங்க தம்பி, கை பட்டுடுச்சு போல"ன்னாங்க. அவங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்?