கரப்ட்டாம், கரப்ட்!

"ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார். ஒண்ணும் பண்ண முடியாது. டிலீட் பண்ணிடுங்க, சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டுக் கிடக்குது."

திருப்பாப்புலியூரில் ஒரு கடை. கல்யாண வீடியோ எடிட்டிங், பழைய கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தருவது எல்லாம் செய்கிறார்கள். அங்கே இருந்த தம்பி என் பென்டிரைவைச் சொருகினார், இரண்டு தடவை தட்டினார், தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பார்த்த கூலி ஐம்பது ரூபாய் வேறு.

அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 2011 மே மாதம், பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஆயாவின் முந்திரித் தோப்பில் எடுத்த 40 நிமிட வீடியோ. ஆயா கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைக்கிறார், உடைத்துக்கொண்டே அத்தையைத் திட்டுகிறார். பின்னால் பலா மரம், வேர் வரைக்கும் காய். அதே வருடம் டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல். போய்ப் பார்த்தபோது தோப்பு மொத்தமும் தரையில் படுத்துக் கிடந்தது. இப்போது ஆயாவும் இல்லை. அந்தத் தோப்பை நிமிர்ந்த கோலத்தில் பார்க்க எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது இந்த ஒரு ஃபைல்தான். இதைப் போய் டிலீட் பண்ணச் சொல்கிறார் ஐயா.

வீட்டுக்கு வந்து கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டேன். திக்காமல் ஓடியது.

அப்புறம் எது கரப்ட்? நம் ஊர்க் கடைகளில் கரப்ட் என்றால் "எனக்குத் தெரியாது" என்று அர்த்தம் போல. தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? அத்தை வீட்டு டிவி எவ்வளவோ மேல். "இந்த ஃபைலை இயக்க முடியாது" என்று தன் இயலாமையை ஒத்துக்கொண்டது.

அடுத்து சித்தப்பா மகன். "அண்ணே, ஃபைல் பேர் கடைசியில ஓஜிவின்னு இருக்குல்ல, அதை எம்பி4னு மாத்திட்டா முடிஞ்சுது." மாற்றினான். ஓடவில்லை. எப்படி ஓடும்? பலாப்பழத்தின் மேல் மாம்பழம் என்று எழுதி ஒட்டினால் உள்ளே சுளை மாறிவிடுமா? பண்ருட்டிக்காரனுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! ஓஜிவியில் ஆக் (Ogg) என்பது மேல்தோல். உள்ளே படம் தியோரா என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, சத்தம் பெரும்பாலும் வார்பிஸ் முறையில். எம்பி4 வேறு தோல், உள்ளே வழக்கமாக எச்.264 படமும் ஏஏசி சத்தமும். பெயரை என்னவாக மாற்றினாலும் ஆக் ஃபைலின் ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஓ, ஜி, ஜி, எஸ் என்ற நான்கு எழுத்து உட்கார்ந்திருக்கும். டிவியில் தியோராவைப் பிரிக்கத் தெரிந்த நிரல் இல்லை என்றால் இல்லைதான்.

"அப்படி யாருக்குமே தெரியாத ஃபார்மட்ல ஏன்ணே சேவ் பண்ண?" என்று கேட்டான் பாருங்கள், அங்கேதான் எனக்கு நிஜமாகவே ஏறியது.

யாருக்குமே தெரியாததா? ஆன்2 என்ற நிறுவனம் தன் விபி3 முறையை 2001-ல் இலவசமாகத் திறந்துவிட்டது. அதை எடுத்து ஸிஃப் (Xiph.Org) அறக்கட்டளைக்காரர்கள் வளர்த்ததுதான் தியோரா. 1.0 பதிப்பு 2008-ல் வந்தது. 2009-ல் பயர்பாக்ஸ் 3.5 உலாவி எந்தத் துணை மென்பொருளும் இல்லாமல் நேரடியாக அதை ஓட்டியது. விக்கிப்பீடியாவின் வீடியோக்கள் பல வருடம் இதில்தான் இருந்தன. இணையத்துக்கே பொது வீடியோ முறையாக இதைப் பரிந்துரைக்கும் வரி, இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5 விதிகளின் வரைவில் இருந்தது. ஆப்பிளும் நோக்கியாவும் எதிர்த்ததில் 2007 டிசம்பரில் அந்த வரியைத் தூக்கிவிட்டார்கள். பிறகு ஆன்2-வை வாங்கிய கூகுள் 2010-ல் வெப்எம் என்ற புது வீடியோ முறையைக் கொண்டுவந்தது. தியோரா கிழடு தட்டியது. 2024-ல் குரோமும் பயர்பாக்ஸும் அதை ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டன. எடுத்ததில்கூட எனக்குக் கோபமில்லை. ஆள் புழங்காத நிரல் பாதுகாப்புக்கு ஓட்டை, அது நியாயமான காரணம். ஆனால் ஓட்டுகிறவன் கைவிட்டதற்கு ஃபைல் மேல் பழி போடாதீர்கள்.

நான் ஏன் அதில் சேமித்தேன்? கேசட்டில் எடுத்த டிஜிட்டல் வீடியோ (DV) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. அந்தக் கேமராவும் கேசட்டும் நண்பனுடையது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு, தலையில் கட்டற்ற மென்பொருள் பித்து. காப்புரிமைக் காசு கேட்காத முறை என்று பெருமையாகச் சுருக்கி வைத்தேன். பெருமை இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றித் தொலைக்கலாம் என்று இணையத்தில் தேடினால் அது தனி நரகம். "இலவச மாற்றி" என்று கொட்டை எழுத்து. ஃபைலை ஏற்றி முடித்த பிறகுதான் 100 எம்பிக்கு மேல் காசு என்கிறது. இன்னொன்று மின்னஞ்சல் கேட்கிறது. மூன்றாவது மாற்றித் தந்தது, ஆனால் படத்தின் மூலையில் அவன் முத்திரை, ஆயாவோ பனைமரம் மாதிரி ஒல்லியாக நெட்டையாக நிற்கிறார். ஏனென்றால் நம் ஊர்க் கேமராவில் அகலத்திரை DV வீடியோ 720-க்கு 576 என்ற அளவில்தான் பதிவாகும். காட்டும்போது 1024 அகலத்துக்கு விரி என்று ஃபைலுக்குள்ளேயே குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை அந்தத் தளம் படிக்கவே இல்லை. வீட்டு வீடியோவை எவன் சர்வரிலோ ஏற்றினோமே என்ற உறுத்தல் வேறு.

கடைசியில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள். ஒரே ஒரு வரிக் கட்டளை. படத்தை எச்.264-க்கு, சத்தத்தை ஏஏசிக்கு, அளவை 1024-க்கு 576 என்று. தரத்துக்கு சிஆர்எஃப் என்ற எண்ணை 18 என்று கொடுத்தேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். நிற முறையை ஒய்யுவி420பி (yuv420p) என்று வைக்காவிட்டால் சில டிவிகள் மறுபடி முறைக்கும். கட்டளை என்றால் பயப்படுகிறவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் போதும். டீ ஆறுவதற்குள் முடிந்தது. கடைத் தம்பி, கேட்டீரா? டீ ஆறுவதற்குள்!

பழைய ஓஜிவியை அழிக்கவில்லை. மாற்றும்போது கொஞ்சம் தரம் போகத்தான் செய்யும், நாளைக்கு எம்பி4-ஐயும் எவனாவது கரப்ட் என்பான், அப்போது மூலத்திலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு டிவியில் போட்டேன். தன்னை ஆயா திட்டும் இடத்தை அத்தை மூன்று தடவை ஓட்டச் சொன்னார். அப்புறம், "இதை வாட்ஸப்ல அனுப்புடா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அனுப்பினால் அது நசுக்குகிற நசுக்கில் பலாக்காயும் ஆயாவும் ஒரே புள்ளியாகத் தெரியும். நான் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் அத்தை என்றேன்.

"பென்டிரைவா? எங்க போன்ல சொருவறது?"